காணாமற்போன புயலைத் தேடி

உரைநடை உலகம்

நுழையும்முன்

அறிவியல் நாள்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. நேற்றைய கருவி இன்று காட்சிப்பொருளாகிறது. நேற்றைய கருதுகோள் இன்று திருத்தப்படுகிறது. அவ்வாறிருக்க, நூறாண்டுகளுக்கு முன்னர் அறிவியலை வித்தாகக் கொண்டு எழுந்த சாகசச் சிறுகதைகளை இன்று தேடிப் படிப்பதால் விளையும் பயன் யாது? அக்கதைகள் எங்கே மறைந்தன? அவற்றை மீட்டவர்கள் யாவர்? மீட்டெடுத்த கதையை எவ்வாறு படிப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

மாயமும் பொறியும்

வியப்பை விரும்பாத மனித இனம் உலகில் இல்லை. ஓட்டுபவர் இன்றி வானில் செல்லும் ஊர்தியைப் புறநானூற்றுப் புலவர் கற்பனை செய்தார். மணிமேகலை மந்திரத்தின் துணையால் வான்வழிச் சென்றாள். சீவக சிந்தாமணியில் விசயை, கணவன் சச்சந்தன் செய்வித்துத் தந்த மயிற்பொறியில் ஏறிப் பகைவரிடமிருந்து தப்பினாள். மூன்றும் வான்பயணங்களே. எனினும் மூன்றாவது சற்றே வேறுபட்டது. மயிற்பொறியைக் கம்மியன் ஒருவன் செய்தான். அதன் விசையை வலப்புறம் திருகினால் அது மேலே எழும். இடப்புறம் திருகினால் தரையில் இறங்கும். அரசி அதனை இயக்கக் கற்றுக்கொள்கிறாள். மந்திரத்தின் இடத்தில் விசை வந்து நிற்கிறது. ‘எவ்வாறு இயங்குகிறது?’ என்னும் வினாவுக்குக் கவிஞர் விடைகூற முற்படுகிறார்.

இதனைக் கொண்டு அக்காலத்தில் வானூர்தி இருந்தது என்று முடிவுசெய்தல் பிழையாகும். மயிற்பொறி ஒரு கவிஞரின் கற்பனை. வரலாற்றுச் சான்று அன்று. ஆயினும் அக்கற்பனை செல்லும் திசை கருதத்தக்கது. இயற்கையின் விதியோ, கருவியின் அமைப்போ கதைக்கு அச்சாணியாகும்போது அறிவியல் புனைகதைக்கான வழி திறக்கிறது.

‘இவ்வாறு நிகழ்ந்தால் என்னவாகும்?’ என்னும் வினா அறிவியல் புனைகதையின் உயிர். அவ்வினாவுக்கு விடைகாண ஒருவர் தம் உயிரைப் பணயம் வைத்துப் புறப்படும்போது, அது அறிவியல் சாகசக் கதையாகிறது. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ இவ்வகைமையின் தொடக்ககால நூல்களுள் முதன்மையானதாகக் கருதப்படுகிறது. அந்நூலைப் ‘பிரேத மனிதன்’ என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தவர் புதுமைப்பித்தன். பின்னர் அமெரிக்காவின் எட்கர் ஆலன் போ, பிரான்சின் ஜூல்ஸ் வெர்ன், இங்கிலாந்தின் ஹெச். ஜி. வெல்ஸ் ஆகியோர் கடற்சுழிக்குள்ளும் பூமியின் ஆழத்திற்குள்ளும் காலத்தின் மறுகரைக்கும் வாசகர்களை அழைத்துச் சென்றனர்.

1926ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் இதழை நியூயார்க்கில் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே தொடங்கப்பட்ட முதல் ஆங்கில இதழ் அது. அதன் முதல் இதழில் இடம்பெற்றவை முன்னரே அச்சேறிய கதைகள். போ, வெர்ன், வெல்ஸ் ஆகிய மூவரின் கதைகளும் அவற்றுள் அடங்கும். எதிர்காலத்தைப் பேச வந்த இதழ், பழைய கதைகளை மீட்டெடுத்தே தன் பயணத்தைத் தொடங்கியது.

புயலை அடக்கிய தைலம்

இந்திய மொழிகளின் தொடக்ககால அறிவியல் புனைகதைகளுள் ஒன்றை எழுதியவர் ஓர் உண்மையான அறிவியலாளர். மின்காந்த அலைகள் குறித்த ஆய்வுகளாலும் தாவரங்களின் உணர்வியக்கம் குறித்த ஆய்வுகளாலும் புகழ்பெற்ற ஜகதீஷ் சந்திர போஸ் (1858 – 1937) 1896இல் வங்கமொழியில் ஒரு சிறுகதை எழுதினார். குந்தலின் என்னும் கூந்தல் தைலத்தைத் தயாரித்த நிறுவனத்தார் சிறுகதைப் போட்டி ஒன்றை நடத்தினர். கதையில் தைலத்தின் பெயர் இடம்பெறவேண்டும். ஆனால் அது விளம்பரமாகத் தோன்றக் கூடாது. அப்போட்டிக்குத் தம் பெயரை வெளியிடாமல் போஸ் அனுப்பிய கதை பரிசு பெற்றது.

கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கப்போகிறது என்று வானிலை அலுவலர்கள் எச்சரிக்கின்றனர். நகரமே அஞ்சி நடுங்குகிறது. குறித்த நாளில் புயல் வரவில்லை; வேறு எங்கும் சென்றதாகவும் தகவல் இல்லை. புயல் காணாமற்போய்விட்டது! அறிஞர்கள் ஆளுக்கொரு விளக்கம் கூறுகின்றனர். எதுவும் பொருந்தவில்லை. கதையின் இரண்டாம் பகுதியில் உண்மை வெளிப்படுகிறது. காய்ச்சலில் நலிந்த ஒருவர் மருத்துவரின் அறிவுரைப்படி இலங்கை நோக்கிக் கப்பலில் செல்கிறார். உதிர்ந்த முடி மீண்டும் வளர்வதற்காக அவருடைய மகள் ஒரு புட்டித் தைலத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நடுக்கடலில் புயல் கப்பலைச் சூழ்கிறது. எண்ணெய் அலைகளை அடக்கும் என்று எப்போதோ கேட்டது அவர் நினைவுக்கு வருகிறது. தைலத்தைக் கடலில் எறிகிறார். கொந்தளித்த கடல் அமைதியடைகிறது. ஒரு நகரத்தையே அழிக்கவிருந்த புயல், ஒரு புட்டித் தைலத்தில் அடங்கிவிடுகிறது.

இக்கதையின் வித்து பொய்யன்று. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1774இல் வெளியிட்ட கட்டுரையில், இலண்டனை அடுத்த கிளாப்பம் பகுதிக் குளம் ஒன்றில் தாம் செய்த சோதனையை விவரித்துள்ளார். காற்றில் சிற்றலைகள் எழுந்துகொண்டிருந்த நீர்ப்பரப்பில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை அவர் ஊற்றினார். எண்ணெய் விரைந்து பரவி, ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பைக் கண்ணாடிபோல் சமன்செய்தது. ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர். அரை ஏக்கர் என்பது 50 சென்ட், அதாவது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். இவ்விரண்டையும் வகுத்தால் எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரை 4 இலட்சம் பங்காக்கியதில் ஒரு பங்கு என்பது புலனாகும். ஏறத்தாழ ஒரு மூலக்கூறின் உயரம் அது. இப்படலம் நீரின் பரப்பு இழுவிசையை மாற்றுகிறது; சிற்றலைகளின் ஆற்றலை உறிஞ்சுகிறது. அதனால் காற்று நீரைப் பற்றிப் பேரலையாக்குவது தடைப்படுகிறது.

குளத்தில் நிகழ்வது கடற்புயலில் நிகழாது. வெப்பமடைந்த கடலிலிருந்து எழும் நீராவியே புயலுக்கு உணவு. அது பலநூறு கிலோமீட்டர் பரப்பில் சுழல்வது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள திண்டுக்கல் மாவட்டத்திலும் மரங்களைச் சாய்த்துச் சென்றதை மக்கள் மறந்திலர். போஸ் இவ்வுண்மையை அறியாதவர் அல்லர். சிறிய உண்மை ஒன்றைப் பெரிதாக்கி, அதன்வழி மூவரை நோக்கி அவர் புன்னகை செய்கிறார். சான்று இன்றியே விளக்கம் கூறும் அறிஞர்கள் ஒருபுறம். தைலத்தின் புகழ்பாடும் விளம்பரதாரர் மறுபுறம். எல்லாவற்றையும் நம்பும் மக்கள் இன்னொருபுறம். ஒரு செய்தியின் உண்மையையும் மிகையையும் பிரித்தறியும் பயிற்சியை இக்கதை இன்றும் அளிக்கிறது.

போஸ் இக்கதையை விரித்து எழுதி, ‘ஓடிப்போன புயல்’ என்று பொருள்படும் தலைப்பில் 1921இல் ‘அவ்யக்தா’ என்னும் தம் நூலில் சேர்த்தார். ஆகவே, கதைக்கு இரு வடிவங்கள் உள்ளன. வங்கத்திற்கு வெளியே நெடுங்காலம் பரவலாக அறியப்படாதிருந்த அக்கதை, 21ஆம் நூற்றாண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக உலக வாசகர்களைச் சென்றடைந்தது.

தெரிந்து தெளிவோம்

வானியற்பியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர், 1974இல் மராத்தி அறிவியல் மன்றம் நடத்திய கதைப்போட்டிக்குத் தம் முதல் அறிவியல் சிறுகதையை அனுப்பினார். தம் புகழ் நடுவர்களைப் பாதிக்கக் கூடாது என்று கருதிப் புனைபெயரில் அனுப்பினார். கையெழுத்தும் அடையாளம் காட்டிவிடாதிருக்க அவருடைய துணைவியார் அதனைப் படியெடுத்துக் கொடுத்தார். கருந்துளையைக் கருவாகக் கொண்ட அக்கதை முதற்பரிசு பெற்றது.

ஆழ்கடலை நோக்கி இரு பயணங்கள்

போஸின் கதை வெளிவந்த அதே 1896ஆம் ஆண்டில் வெல்ஸ், ஆழ்கடல் பயணம் குறித்த சிறுகதை ஒன்றை வெளியிட்டார். எல்ஸ்டெட் என்னும் வீரர் எஃகுக் கோளம் ஒன்றுக்குள் அமர்ந்து, கடலுக்குள் 5 மைல் ஆழம் இறங்குகிறார். ஈயக் குண்டுகளின் எடை கோளத்தைக் கீழே இழுக்கிறது. குறித்த நேரத்தில் கடிகாரப் பொறி ஒன்று கயிற்றை அறுத்துவிட, எடை நீங்கிய கோளம் தானே மேலெழ வேண்டும். கடலடியில் அவர் விந்தையான உயிரினங்களைக் காண்கிறார், மீண்டு வருகிறார். கருவியைச் செம்மைப்படுத்திக்கொண்டு மறுமுறை இறங்குகிறார். அம்முறை அவர் திரும்பவில்லை.

கதை எழுதப்பட்டபோது ஆழ்கடலுக்குள் இறங்கி எவரும் அதனைக் கண்டதில்லை. 1934இல் வில்லியம் பீப், ஓடிஸ் பார்ட்டன் ஆகிய இருவரும் பெர்முடா அருகே எஃகுக் கோளத்தில் 923 மீட்டர் ஆழம் வரை இறங்கினர். 1960ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ‘டிரியஸ்ட்’ என்னும் ஆழ்கடல் கலம், பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆழத்தில் தரைதொட்டது. அதில் சென்ற இருவர் இரும்புக் குண்டுகளைக் கழற்றிவிட்டு எடையைக் குறைத்து மேலேறினர். வெல்ஸ் கற்பனை செய்த கடலடி உயிரினங்கள் அங்கே இல்லை. ஆனால் கோளம், எடை, எடைநீக்கம் என்னும் அவருடைய சிந்தனை உண்மையாயிற்று.

இன்று சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூவரை 6,000 மீட்டர் ஆழத்திற்கு அழைத்துச் செல்லும் நோக்கில் ‘மத்ஸ்யா 6000’ கலத்தை உருவாக்கிவருகிறது. மனிதர் அமரும் பகுதி 2.1 மீட்டர் உள்விட்டமுள்ள கோளமாக அமைகிறது. அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம், தரையில் உணரும் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 600 மடங்கு. அவ்வழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்து தாங்கும் வடிவம் கோளமே. அன்றைய கதாசிரியரும் இன்றைய பொறியாளரும் ஒரே வடிவத்திற்கு வந்துசேர்ந்ததற்கு இயற்கையின் விதி ஒன்றாக இருப்பதே காரணம்.

தமிழிலும் கடலடியை நோக்கிய ஒரு பயணம் உண்டு. புதுமைப்பித்தன் 1945இல் கலைமகள் இதழில் ‘கபாடபுரம்’ என்னும் கதையை எழுதினார். இறையனார் அகப்பொருள் உரை, இடைச்சங்கம் இருந்த பாண்டியர் தலைநகராகக் குறிப்பிடுவதும் கடல்கொண்டதாகக் கூறுவதும் அந்நகரமே. கதையில் குமரிக் கடலடியில் மறைந்த பழமையை மனிதன் ஒருவன் எதிர்கொள்கிறான். அவனை அங்கு ஈர்ப்பது எஃகுக் கோளம் அன்று. சித்தர் மரபின் விந்தைகள். எனவே, இக்கதையை முழுமையான அறிவியல் புனைகதை என்று கூற இயலாது. அதன் எல்லையில் நிற்கும் சாகசக் கதை என்பதே பொருந்தும்.

இவ்விடத்தில் வாசகர் கவனமாக இருத்தல் வேண்டும். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்கினங்களின் ஒற்றுமையை விளக்க, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய நிலப்பரப்பு ஒன்று இருந்திருக்கலாம் எனக் கருதினார். அதற்கு ‘லெமூரியா’ என்று பெயரிட்டார். பிற்காலத்தில் நிலத்தட்டுகள் நகர்கின்றன என்னும் உண்மை நிறுவப்பட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரிந்தன. மூழ்கிய கண்டம் என்னும் கருதுகோள் தேவையற்றதாயிற்று. கருதுகோள் வீழ்ந்ததால் கதை வீழ்ந்துவிடவில்லை. இழந்ததை மீண்டும் காணவேண்டும் என்னும் ஏக்கத்தையும், கண்டபின் மனிதனைச் சூழும் அச்சத்தையும் அது பேசுகிறது. கதையைக் கதையாகப் படிப்பவர் அவ்வேக்கத்தை உணர்வர். வரலாறாகப் படிப்பவர் வழிதவறுவர்.

முகிலில் நீர் எடுத்த பெண்கள்

வங்கத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் உசேன் (1880 – 1932) பள்ளிக்கு அனுப்பப்படாதவர். அண்ணன் இரவில் இரகசியமாகக் கற்றுக்கொடுக்க, ஆங்கிலமும் வங்கமும் பயின்றவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்னும் சிறுகதை முதன்முதலில் அச்சேறிய இடம் சென்னை. கமலா சத்தியநாதன் சென்னையில் நடத்திய மகளிர் இதழான ‘தி இந்தியன் லேடீஸ் மேகசின்’ 1905இல் அதனை வெளியிட்டது.

கனவில் ஒரு பெண் வேறொரு நாட்டிற்குச் செல்கிறாள். அங்கே ஆட்சியும் ஆய்வும் பெண்களிடம் உள்ளன. ஆண்கள் வீட்டுக்குள் இருக்கின்றனர். பெண்களுக்கான இரு பல்கலைக்கழகங்கள் போட்டியிட்டு ஆராய்கின்றன. ஒன்று, குழாய்கள் பொருத்திய பலூனை வானில் நிறுத்தி, முகிலிலிருந்து வேண்டிய அளவு நீரைப் பெறுகிறது. மற்றொன்று, சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கும் கருவியைச் செய்கிறது. ஆண்களோ இவற்றைப் பகற்கனவு என்று எள்ளிப் படைபலம் பெருக்குகின்றனர். பகைவர் படையெடுத்து வந்தபோது அப்படை தோற்கிறது. சூரிய வெப்பத்தைக் குவித்துப் பாய்ச்சி நாட்டைக் காப்பவர்கள் பெண் அறிஞரும் அவருடைய 2,000 மாணவியருமே.

திண்டுக்கல் மாவட்டம் எரியோடும் அதனைச் சூழ்ந்த வேடசந்தூர்ச் சமவெளியும் மழையை நம்பி வாழும் நிலம். குடகனாறு ஆண்டின் பல மாதங்களில் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். கோடையில் வீட்டுக்கு நீர் சேர்ப்பது பெரும்பாலும் பெண்களின் தோளில் விழும் வேலை. அத்தகைய ஊரில் அமர்ந்து இக்கதையைப் படிக்கும் மாணவி, முகிலிலிருந்து இறங்கும் குழாயை வெறும் விந்தையாக எண்ணமாட்டாள். நீருக்காகச் செலவாகும் நேரம் மிச்சமானால், அந்நேரம் கல்விக்கும் ஆய்வுக்கும் உரியதாகும் என்பதே கதையின் உள்ளுறை. சிலி நாட்டின் வறண்ட கடலோர மலைகளில் வலைகளைக் கட்டி மூடுபனியிலிருந்து நீர் சேகரிப்பதும், இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் இயங்குவதும் இன்றைய நடப்பு. கருவிகள் வந்துவிட்டன. அக்கருவிகளைச் செய்யும் இடத்தில் பெண்கள் எத்தனை பேர் என்னும் ரொக்கையாவின் வினா இன்னும் பழையதாகவில்லை.

1908இல் நூலாகவும் வந்த இக்கதை, நெடுங்காலத்திற்குப் பின்னர் 1988இல் அமெரிக்கப் பெண்ணியப் பதிப்பகம் ஒன்றால் மீண்டும் வெளியிடப்பட்டது. 2024இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ திட்டத்தின் ஆசிய – பசிபிக் பதிவேட்டில் இடம்பெற்றது. சென்னை இதழ் ஒன்றில் சில பக்கங்களாகப் பிறந்த கதை, உலகின் ஆவணமாக உயர்ந்துள்ளது.

கதைகள் ஏன் மறைகின்றன?

சிறுகதையின் தாய்வீடு இதழ். இதழுக்கு ஆயுள் குறைவு. அடுத்த இதழ் வந்ததும் முந்தையது பரணுக்குச் செல்கிறது. பரணிலிருந்து பழைய தாள் கடைக்குச் செல்கிறது. அமிலத்தன்மை மிகுந்த மலிவுத் தாள் காலப்போக்கில் பழுத்து நொறுங்குகிறது. எஞ்சியதைக் கரையான் அரிக்கிறது. நூலாகத் தொகுக்கப்படாத கதை, இதழோடு மறைகிறது. சாகசக் கதைகளையும் அறிவியல் கதைகளையும் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கும் மனப்பான்மை அம்மறைவை விரைவுபடுத்துகிறது.

புகழ்பெற்ற எழுத்தாளரும் இவ்விழப்புக்கு விலக்கல்லர். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர் சுஜாதா (1935 – 2008). ஜீனோ என்னும் இயந்திர நாயைத் தமிழ் வாசகர்களின் உறவாக்கிய ‘என் இனிய இயந்திரா’ அவருடைய படைப்பு. அவருடைய முதல் சிறுகதை 1953இல் திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ இதழில் வெளிவந்தது. அவ்விதழின் படியைத் தாமே தேடியதாக அவர் பின்னாளில் நகைச்சுவையுடன் எழுதியுள்ளார்.

படக்கதைகளின் நிலையும் இதுவே. 1972இல் சிவகாசியில் தொடங்கப்பட்ட ‘முத்து காமிக்ஸ்’, இங்கிலாந்துப் படக்கதை ஒன்றை ‘இரும்புக்கை மாயாவி’ என்னும் பெயரில் தமிழாக்கியது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் புலப்படும் அந்த நாயகனைச் சிறுவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தனர். அதனாலேயே படிகள் கிழிந்து மறைந்தன. அன்றைய சிறுவர்கள் வளர்ந்தபின் பழைய படிகளைத் தேடினர், மறுபதிப்புகள் வெளிவந்தன. வாசகரின் அன்பே ஒரு படைப்பை அழித்தது. அதே அன்புதான் அதனை மீட்டது.

மீட்பவர்கள்

காரைக்குடி அருகே கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் நாடக அறிவிப்புகளையும்கூடத் தம் வாழ்நாள் முழுவதும் திரட்டினார். அவருடைய மறைவுக்குப் பின், ஏறத்தாழ 1 இலட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைக் கொண்டு, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. உலகெங்கும் வாழும் தமிழர்களின் தன்னார்வ உழைப்பால் 1998இல் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கி, தமிழ் நூல்களை மின்வடிவில் வழங்கிவருகிறது. ஈழத்து எழுத்துகளைக் காக்கும் பணியை ‘நூலகம்’ நிறுவனம் செய்கிறது. 1896இல் திறக்கப்பட்ட சென்னைக் கன்னிமாரா நூலகம், நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெற்றுப் பாதுகாக்கும் நூலகங்களுள் ஒன்று.

மீட்பு என்பது படியைக் கண்டெடுப்பதோடு முடிவதில்லை. கதை முதலில் எந்த இதழில், எந்த ஆண்டில் வந்தது என்பதை உறுதிசெய்ய வேண்டும். பின்னாளில் ஆசிரியர் திருத்தினாரா என்று ஒப்பிட வேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதி, புதுமைப்பித்தன் கதைகளை முதல் வெளியீட்டோடு ஒப்பிட்டு, காலவரிசையில் 2000ஆம் ஆண்டு பதிப்பித்தது இத்தகைய உழைப்புக்குச் சான்று. ‘கபாடபுரம்’ 1945ஆம் ஆண்டுக்குரியது என அறிந்து படிக்கும்போது, உலகப்போரின் இறுதியாண்டில் ஒரு தமிழ் எழுத்தாளர் அழிந்த நகரைப் பற்றி எழுதினார் என்பதும் சேர்ந்து புலனாகிறது.

மூன்று வினாக்கள்

மீட்ட கதையைப் படிப்பவர் அதனிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். முதலாவது, அன்றைய அறிவியல் எதனை அறிந்திருந்தது? போஸின் தைலத்திற்குப் பின்னால் பிராங்க்ளினின் குளம் இருப்பதை இவ்வினா காட்டும். இரண்டாவது, கதை எதனைத் துணிந்து கற்பனை செய்தது? பள்ளி செல்லாத பெண் ஒருத்தி பெண்களுக்கான பல்கலைக்கழகத்தைக் கண்டதை இவ்வினா காட்டும். மூன்றாவது, கதை யாரை மறந்தது? ஐரோப்பியச் சாகசக் கதைகள் பலவற்றில் பயணம் செய்பவர் ஐரோப்பியராகவும், எதிர்ப்படும் மக்கள் அறிவிலிகளாகவும் சித்திரிக்கப்பட்டனர். அக்குறையைக் காணாது போற்றுவதும், அக்குறை ஒன்றையே காட்டித் தூக்கியெறிவதும் நல்ல வாசிப்பு ஆகா.

பழைய ஏட்டைப் புதிய வினாவோடு அணுகும் பழக்கம் அறிவியலுக்கும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தின் மலையுச்சியில் உள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வளிமம் ஆரப்போக்கில் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கண்டறிந்தார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நூறாண்டுக்கும் மேலாக அவ்வாய்வகம் எடுத்த சூரியப் படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் காக்கப்பட்டு, இப்போது மின்வடிவம் பெற்றுள்ளன. அன்று படமெடுத்தவர் எண்ணியிராத வினாக்களுக்கு இன்றைய ஆய்வாளர் அவற்றில் விடை தேடுகின்றனர். தகடுகளை எவரேனும் பழையவை என்று எறிந்திருந்தால், சூரியனின் ஒரு நூற்றாண்டு நடத்தை நமக்குக் கிட்டாமலே போயிருக்கும்.

கதைகளுக்கும் இது பொருந்தும். எரியோடு போன்ற ஊர்களின் வீட்டுப் பரணில், ஓய்வுபெற்ற ஆசிரியரின் அலமாரியில், கிளை நூலகத்தின் கட்டடம் செய்யப்பட்ட பழைய இதழ்த் தொகுதியில், எவரும் பட்டியலிடாத ஒரு கதை இருக்கக்கூடும். அதன் அறிவியல் பிழையானதாக இருக்கலாம். அதன் நாயகன் போகாத இடத்திற்குப் போனவனாக இருக்கலாம். ஆயினும், அறியாததை நோக்கி ஒரு காலத்தின் மனிதர்கள் எவ்வளவு தூரம் நடக்கத் துணிந்தனர் என்பதற்கு அதுவே அளவுகோல். அந்த இதழ் பழைய தாள் கடைத் தராசில் ஏறுவதற்கு முன்னர், ஒருவர் அதனைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ, ஊர்க் கிளை நூலகத்திலோ உள்ள பழைய இதழ்களில் அறிவியல் அல்லது சாகசச் சிறுகதை ஒன்றைக் கண்டறிந்து, இதழின் பெயர், வெளியான ஆண்டு, கதைச்சுருக்கம் ஆகியவற்றைப் பட்டியலிடுக.

2. அகன்ற தட்டில் நீர் நிரப்பி, மிளகுத்தூள் தூவி, ஒரு துளி எண்ணெய் விட்டு நிகழ்வதை உற்றுநோக்குக. அதனை மையமாகக் கொண்டு அரைப்பக்க அளவில் சாகசக் கதை ஒன்று எழுதுக.

3. ‘எங்கள் ஊரில் முகிலிலிருந்து நீர் எடுத்தால்…’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. மயிற்பொறி, மந்திர வான்பயணத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. ஆழ்கடல் கலத்தில் மனிதர் அமரும் பகுதி கோளவடிவில் அமைவது ஏன்?

சிறுவினா
1. ‘காணாமற்போன புயல்’ கதையில் வெளிப்படும் அறிவியல் உண்மையையும் மிகையையும் வேறுபடுத்திக் காட்டுக.
2. இதழ்களில் வெளிவந்த கதைகள் மறைவதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா
‘அறிவியல் பழையதாகலாம், வினா பழையதாவதில்லை’ – இக்கூற்றைப் பாடப்பகுதியில் இடம்பெற்ற கதைகளைக் கொண்டு நிறுவுக.